அசமன்பாடும் வடிவொத்த முக்கோணமும்: விடை எங்கே பிசகுகிறது, எப்படிப் பிடிப்பது

அசமன்பாடு என்பது = க்குப் பதில் <, >, ≤, ≥ வரும் கணக்கு; வடிவொத்த முக்கோணங்கள் என்பவை கோணங்கள் சமமாகவும் பக்கங்கள் ஒரே விகிதத்திலும் உள்ளவை. இந்த இரண்டு பாடங்களிலும் விடை தப்பாக வரும்போது கூட்டலும் பெருக்கலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கோ ஓரிடத்தில் < என்பது > ஆகாமல் விட்டுப்போயிருக்கும். அல்லது ஒரு பக்கம் தன் ஜோடியை விட்டு வேறொரு பக்கத்தோடு சேர்ந்திருக்கும். கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டால் அதே இடத்தில் அதே தப்புத்தான் வரும். அதனால் விடையில் தெரியும் அறிகுறியை வைத்துத் தேடுவதே குறுக்குவழி.

கீழே மாறி ‘ய’. முக்கோண முனைகள் க, ச, ட. பக்கங்களின் மேல் குறிக்கும் புள்ளிகள் ப, ம. உங்கள் நோட்டில் எக்ஸ், ஏ, பி, சி, டி, இ என்றிருப்பவைதான் இவை. இலங்கைப் பாடநூலில் படிப்பவர்கள் அசமன்பாட்டைச் சமனிலி என்றும், வடிவொத்த முக்கோணங்களை இயல்பொத்த முக்கோணிகள் என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: அசமன்பாட்டு விடையைத் திரும்பப் போட்டால் பொருந்தவில்லை

முதலில் மூன்று எண் சோதனை. விடையின் எல்லை எண், அதற்கு இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் ஓர் எண். மூன்றையும் கேள்வியின் முதல் வரியில் போட வேண்டும். நடுவில் நீங்கள் எழுதிய வரியில் போட்டால் அதற்கு முன் நடந்த தப்பு அகப்படாது.

−3ய + 7 > 19 என்ற கணக்குக்கு ய > −4 என்று விடை வந்திருக்கிறது என்று வையுங்கள்.

எல்லை −4: இடப்பக்கம் 12 + 7 = 19. வலப்பக்கமும் 19.
வலப்பக்க எண் 0: 7 > 19. பொய்.
இடப்பக்க எண் −5: 22 > 19. மெய்.

எல்லை எண்ணில் இரு பக்கமும் சமமாக வந்துவிட்டது. திசை மட்டும் தலைகீழ். சரியான விடை ய < −4. இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### எல்லை எண் சரி, திசை தப்பு

வாசித்த பக்கம் மாறியிருக்கிறதா? கடைசி வரி −4 > ய என்று முடிந்திருக்கும். விடை எழுதும்போது அது ய > −4 ஆகியிருக்கும். இடம் மாற்றி எழுதினால் < > குறியின் வாயும் திரும்ப வேண்டும். இதுதான் மிகச் சாதாரணமான காரணம், ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

குறை எண்ணால் வகுத்தீர்களா, பெருக்கினீர்களா? அப்படியெனில் அந்த வரியில் வாய் திரும்பியே ஆக வேண்டும். மேலே உள்ள கணக்கில் −3ய > 12 என்பது −3ஆல் வகுபடும்போது ய < −4 ஆகிறது. ரஃப் வேலையில் ஒவ்வொரு வகுத்தலுக்கும் பக்கத்தில் ‘÷ (−3)’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு பாதி குறையும்.

தேவையில்லாத இடத்தில் திருப்பினீர்களா? இது முந்தையதைவிடப் பிடிவாதமானது. 3ய < −12 என்பதில் மைனஸ் கண்ணில் பட்டவுடன் ய > −4 என்று எழுதிவிடுவார்கள். வகுக்கும் எண் 3, அது மிகை எண். வகுபடும் எண்ணில் மைனஸ் இருப்பதால் ஒன்றும் ஆகாது. விடை ய < −4.

இதே தப்பின் இன்னொரு முகம், ய + 5 < 2 என்பதில் 5ஐ அந்தப் பக்கம் தள்ளும்போது வாயையும் திருப்பிவிடுவது. இதற்குக் குற்றவாளி நம் வகுப்பறைச் சொல்தான். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று ஏழாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறோம். தமிழில் + − என்பதும் குறி, < > என்பதும் குறி. எந்தக் குறி மாறும் என்று அந்தச் சொற்றொடர் சொல்வதில்லை. சொல்லித்தருபவர்கள் + − ஐ மட்டும் ‘குறி’ என்றும், < > ஐ ‘வாய்’ என்றும் பிரித்துச் சொன்னால் போதும்: ஓர் உறுப்பு இடம் மாறினால் குறி மாறும், குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ வாய் மாறும்.

பின்னிரண்டு காரணத்திலிருந்தும் தப்ப ஒரு வழி உண்டு. மாறியின் கெழு (அதன் முன்னுள்ள எண்) மிகையாக வரும் பக்கத்துக்கே மாறியைக் கொண்டுபோங்கள். −3ய + 7 > 19 எனில் 7 − 19 > 3ய, அதாவது −12 > 3ய, −4 > ய. வாயைத் திருப்பும் வேலையே இல்லை. கடைசி வரியை வாசிப்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

### எல்லை எண்ணிலேயே இரு பக்கமும் சமமாகவில்லை

அப்படியெனில் கோளாறு அசமன்பாட்டில் இல்லை. < > ஐ = என்று நினைத்துக்கொண்டு சாதாரணச் சமன்பாடாகச் சரிபாருங்கள். தேட வேண்டிய இடங்கள் இரண்டுதான். 2(ய − 3) என்பது 2ய − 3 என்று விரிந்திருக்கும். அல்லது பின்னத்தை நீக்கப் பெருக்கும்போது ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கும். ய/2 − 1 ≥ ய/3 என்பதை 6ஆல் பெருக்கினால் 3ய − 6 ≥ 2ய, விடை ய ≥ 6. பலர் எழுதுவது 3ய − 1 ≥ 2ய. பின்னம் இல்லாத அந்த ‘1’க்குப் பெருக்கல் கிடைக்கவில்லை.

## அறிகுறி 2: விடை சரி, ஆனால் மார்க் குறைகிறது

சமக்குறியைப் பாருங்கள். கேள்வியில் ≤ இருந்து விடையில் < வந்தால் எல்லை எண் வெளியே போய்விடும். எண்கோட்டில் <, > எனில் வெற்று வட்டம். ≤, ≥ எனில் நிரப்பிய வட்டம்.

அடுத்து, ய எந்த வகை எண் என்று கேள்வியின் கடைசி வார்த்தைகளில் இருக்கும். ய < 5 என்பதற்கு இயல் எண்களில் தீர்வு 1, 2, 3, 4. முழு எண்களில் 0, 1, 2, 3, 4. முழுக்களில் 4, 3, 2, 1, 0, −1, −2 என்று முடிவில்லாமல் போகும். ‘முழு எண்’, ‘முழுக்கள்’ இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் வரும் இழப்பு இது: குறை எண்கள் முழுக்களில்தான் உண்டு. இந்த மூன்று வகைக்கும் எண்கோட்டில் புள்ளிகள் மட்டும் வைக்க வேண்டும். தொடர்ந்து தடித்த கோடு போட்டால் இடையிலுள்ள பின்னங்களையும் சேர்த்ததாகிவிடும்.

## அறிகுறி 3: விடையில் ஒரு பகுதி காணவில்லை, அல்லது வேண்டாதது சேர்ந்திருக்கிறது

மேல்நிலை வகுப்புக் கணக்குகளில் வருவது.

ய² > 9 என்பதற்கு ய > 3 மட்டும் எழுதியிருக்கிறீர்களா? −5ஐப் போட்டுப் பாருங்கள், 25 > 9. ய < −3 விட்டுப்போயிற்று.

மாறியால் வகுத்தீர்களா, பெருக்கினீர்களா? அந்த மாறி மிகையா குறையா என்று தெரியாமல் வாயைத் திருப்பவும் முடியாது, திருப்பாமலிருக்கவும் முடியாது. 6/(ய − 2) > 3 என்பதைக் குறுக்கே பெருக்கி 6 > 3ய − 6, ஆகவே ய < 4 என்று முடிப்பார்கள். 0ஐப் போட்டால் −3 > 3, பொய். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவருவது:

(12 − 3ய)/(ய − 2) > 0

தொகுதி (பின்னத்தின் மேல் பாகம்) பூச்சியமாவது 4இல், பகுதி (கீழ்ப் பாகம்) பூச்சியமாவது 2இல். எண்கோடு மூன்று துண்டாகிறது. துண்டுக்கு ஓர் எண் போடுங்கள்: 0இல் குறை, 3இல் மிகை, 5இல் குறை. விடை 2 < ய < 4. இந்தத் துண்டுச் சோதனை ய² < 4ய போன்றவற்றுக்கும் அப்படியே பொருந்தும். அதை யஆல் வகுத்து ய < 4 என்று எழுதுபவர்கள் −1ஐப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

## அறிகுறி 4: வாழ்க்கைக் கணக்கில் விடை பொருத்தமில்லாமல் வருகிறது

சொல்லைக் குறியாக்கும் இடத்தில் பாருங்கள். மிகாமல், அதிகபட்சம், மேற்படாமல்: ≤. குறையாமல், குறைந்தபட்சம்: ≥. ‘குறைந்தபட்சம்’ என்பதில் ‘குறை’ இருப்பதால் ≤ போடுவது நிரந்தரத் தப்பு. குறைந்தபட்சம் 60 எனில் 60ம் அதற்கு மேலும்.

தசமம் வந்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதைக் கேள்விதான் சொல்லும்; .5 விதியை மறந்துவிடுங்கள். கையில் ₹500, பை ₹60, நோட்டு ஒன்று ₹45 எனில் 45ய + 60 ≤ 500. ய ≤ 9.77… ஆகவே 9 நோட்டு. 312 பேருக்கு 55 இருக்கைப் பேருந்துகள் எனில் 55ய ≥ 312. ய ≥ 5.67… ஆகவே 6 பேருந்து.

## அறிகுறி 5: முக்கோணமே அமையாத பக்க அளவுகள் வருகின்றன

எந்த இரு பக்கங்களின் கூடுதலும் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரு பக்கங்கள் 5, 9 எனில் மூன்றாவது 4க்கும் 14க்கும் இடையில், இரு முனையும் சேராமல். முழுக்களில் 5 முதல் 13 வரை ஒன்பது மதிப்புகள். இங்கே 4ஐயும் 14ஐயும் சேர்த்துப் பதினொன்று என்று எழுதுவது வழக்கமான தப்பு; 4 எனில் 4 + 5 = 9, மூன்று முனைகளும் ஒரே கோட்டில் படுத்துவிடும்.

வடிவொத்த முக்கோணக் கணக்கில் மூன்று பக்கமும் கிடைத்தவுடன் இந்தச் சோதனையை ஒருமுறை போடுங்கள். கேள்வியிலேயே 4, 5, 10 என்று கொடுத்திருந்தால் தப்பு அச்சில். ஆசிரியரிடம் காட்டுங்கள், மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம்.

## அறிகுறி 6: இணைகோட்டுக் கணக்கில் விடை பெரிதாக வருகிறது

அதிகம் மார்க் பறிபோகும் இடம் இதுதான். முக்கோணம் கசட. கச மேல் ப, கட மேல் ம. பம என்பது சடவுக்கு இணை. கப = 3, பச = 6, சட = 12. பம எவ்வளவு?

தப்பு விடை 6: 3/6 = பம/12.
சரியான விடை 4: 3/9 = பம/12.

தேல்ஸ் தேற்றம் பக்கத்தின் இரு துண்டுகளைப் பற்றியது: கப/பச = கம/மட. அதில் பம, சட இரண்டுக்கும் இடமே இல்லை. இணைகோட்டின் நீளம் கேள்வியில் தலைகாட்டியவுடன் தேல்ஸைக் கீழே வைத்துவிட்டு, சிறிய முக்கோணத்தையும் முழு முக்கோணத்தையும் ஒப்பிட வேண்டும்: கப/கச = கம/கட = பம/சட. பின்னத்தின் பகுதியில் வர வேண்டியது முழுப் பக்கம், மீதித் துண்டு அல்ல.

சந்தேகம் வந்தால் ப என்ற புள்ளியை நடுப்புள்ளியில் வைத்துப் பாருங்கள். கப/பச = 1. தப்பான வழியில் போனால் பம = சட என்றாகும்; முக்கோணத்தின் நடுவில் போகும் கோடு அடிப்பக்கத்தின் நீளம் இருக்க முடியுமா?

துண்டும் முழுசும் சரி, இன்னும் ஒத்துவரவில்லையா? கோடு இணைதானா என்று பாருங்கள். படம் இணைபோல வரைந்திருக்கும்; கேள்வியில் ∠கபம = ∠கடச என்று இருக்கும். சமமாகக் கொடுத்த கோணம் சஇல் உள்ளது அல்ல, டவில் உள்ளது. அப்போது ஒத்த முக்கோணங்கள் கபமவும் கடசவும். கப = 4, கம = 5, கச = 10 எனில்:

கப/கட = கம/கச
4/கட = 5/10, கட = 8

இணை என்று நினைத்துப் போட்டிருந்தால் 12.5 வந்திருக்கும். படத்தை நம்பாதீர்கள்; எழுத்தில் கொடுத்ததை மட்டும் நம்புங்கள்.

## அறிகுறி 7: இரண்டு விகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

ஒத்த பக்கங்களைச் சேர்த்ததில் பிசகு. எளிய சோதனையிலிருந்து:

மூன்று பக்கமும் தெரியுமா? இரண்டையும் ஏறுவரிசையில் எழுதுங்கள். 6, 12, 9 என்பதும் 12, 8, 16 என்பதும் பார்க்கப் பொருந்தாதவை. 6, 9, 12 எதிரே 8, 12, 16 என்று வைத்தால் எல்லாமே 3/4.

கோணங்கள்தான் தெரியுமா? சமமான கோணங்களுக்கு ஒரே அடையாளம் போடுங்கள்: ஒன்றுக்கு ஒற்றை வில், அடுத்ததற்கு இரட்டை வில். ஒற்றை வில்லுக்கு எதிரே உள்ள பக்கத்துக்கு ஜோடி, மற்ற முக்கோணத்தில் ஒற்றை வில்லுக்கு எதிரே உள்ள பக்கம். முக்கோணப் பெயரையும் அதே வரிசையில் எழுதினால் முதலிரண்டு எழுத்துக்கு முதலிரண்டு எழுத்து, கடைசி இரண்டுக்குக் கடைசி இரண்டு என்று பெயரே விகிதத்தைச் சொல்லிவிடும்.

முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றனவா? பிரித்து, ஒரே திசையில் நிற்கும்படி தனித்தனியாக வரையுங்கள். கஇல் செங்கோணம், கவிலிருந்து சடவுக்குச் செங்குத்து கப. சப = 4, பட = 9. இங்கே மூன்று முக்கோணங்கள் ஒளிந்திருக்கின்றன. சபகவும் கபடவும் வடிவொத்தவை என்பதால் சப/கப = கப/பட, கப² = 36, கப = 6. சரிபார்ப்பு: கச² = 16 + 36 = 52, கட² = 81 + 36 = 117, கூட்டினால் 169, அது 13இன் வர்க்கம். சடவின் நீளமும் 13தான்.

## அறிகுறி 8: நிழல் கணக்கில் நிழல் குட்டையாக வருகிறது

சூரியனா, விளக்கா? சூரிய ஒளி எனில் கம்பத்துக்கும் ஆளுக்கும் தனித்தனி முக்கோணம். உயரம்/நிழல் நேராகச் சமம். தெருவிளக்கு எனில் பெரிய முக்கோணத்தின் அடி, கம்பத்திலிருந்து நிழலின் நுனி வரை.

விளக்கு 6 மீ உயரம், ஆள் 1.5 மீ, கம்பத்திலிருந்து 9 மீ தள்ளி நிற்கிறார். நிழல் ய எனில்:

ய/(9 + ய) = 1.5/6
4ய = 9 + ய
ய = 3 மீ

9 + ய என்பதற்குப் பதில் 9 மட்டும் போட்டால் 2.25 வரும். அலகையும் பாருங்கள்: 150 செ.மீ. ஒரு பக்கம், 6 மீ மறுபக்கம் என்று போட்டால் விகிதமே நூறு மடங்கு பிசகும்.

தரையில் கண்ணாடி வைத்துக் கம்ப உயரம் காணும் கணக்கில் இரண்டு தூரத்தையும் கண்ணாடியிலிருந்து அளக்க வேண்டும். கண் 1.6 மீ, ஆளுக்கும் கண்ணாடிக்கும் 2 மீ, கண்ணாடிக்கும் கம்பத்துக்கும் 10 மீ எனில் கம்பம் 8 மீ.

## அறிகுறி 9: பரப்பு தப்பாக வருகிறது

பக்க விகிதம் 2 : 3 எனில் பரப்பு விகிதம் 4 : 9. பரப்பு 16 : 25 எனில் பக்கம் 4 : 5. சுற்றளவு, குத்துயரம், நடுக்கோடு மூன்றுக்கும் பக்க விகிதமேதான். வர்க்கம் எடுக்கக் கூடாது.

இணைகோடு வெட்டிய சரிவகம் கேட்டால் ஒரு கழித்தல் கூடுதலாக வேண்டும். கப : பச = 1 : 2 எனில் பக்க விகிதம் 1 : 3, பரப்பு 1 : 9, மேல் முக்கோணத்துக்கும் கீழ்ச் சரிவகத்துக்கும் 1 : 8.

## அறிகுறி 10: நிரூபணத்தில் விதி எழுதியும் மார்க் இல்லை

ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதி எழுதியிருந்தால், அந்தக் கோணம் இரு பக்கங்களுக்கும் நடுவில் உள்ளதா? வேறு கோணம் எனில் விதி செல்லாது. ஏன் என்று கேட்பவர்களுக்கு: 3, 7, 8 பக்கமுள்ள முக்கோணத்திலும் 5, 7, 8 பக்கமுள்ள முக்கோணத்திலும் 7க்கு எதிர்க்கோணம் 60°. இரு பக்கமும் ஒரு கோணமும் அப்படியே சமம், ஆனாலும் இரண்டும் வடிவொத்தவை அல்ல. கோ-கோ (கோணம்-கோணம்) விதிக்கு இரண்டு கோணம் வேண்டும். ஒன்று பொதுக்கோணம் எனில் ‘பொதுக்கோணம்’ என்று எழுதியே ஆக வேண்டும்.

## அறிகுறி 11: வரைந்த முக்கோணம் பெரிதாக வேண்டிய இடத்தில் சிறுத்துவிட்டது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மார்க்; அளவு காரணிக் கணக்கு அதற்கு வழக்கமாக வரும். காரணி 7/4 என்று வையுங்கள், அதாவது ஒவ்வொரு பக்கமும் 7/4 மடங்காக வேண்டும்.

ச என்ற முனையிலிருந்து கீழ்நோக்கிக் குறுங்கோணத்தில் ஒரு கதிர், 7 சம இடைவெளிகள். தொகுதி, பகுதி இரண்டில் எது பெரிதோ அத்தனை. முதலில் டவோடு சேர வேண்டியது 4ஆம் புள்ளி, அதாவது பகுதி. பின் 7ஆம் புள்ளி வழியாக அதற்கு இணைகோடு. முக்கோணம் சிறுத்துவிட்டதா? 7ஐ டவோடு சேர்த்து 4 வழியாக இணைகோடு போட்டிருக்கிறீர்கள், அது 4/7. இணைகோடு எதையும் வெட்டாமல் போகிறதா? சடவையும் சகவையும் நீட்ட மறந்திருக்கிறீர்கள்.

அடிப்பக்கம் 6 செ.மீ. எனில் புதியது 10.5 செ.மீ. ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் பிசகு எனில் காம்பஸ் திருகு தளர்ந்திருக்கும், அல்லது இடைவெளி மிகச் சிறிதாக எடுத்திருப்பீர்கள், 1.5 செ.மீ. அளவு வசதியானது. கணக்கில் குறை தேட வேண்டாம்.

## ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம்

மூன்று எண் சோதனையைப் போடுவதிலேயே −3 × −5 எவ்வளவு என்று தடுமாற்றம் இருந்தால், அசமன்பாட்டை நிறுத்திவிட்டு முழுக்களின் பெருக்கலுக்குப் போக வேண்டும். 4/ய = 5/10 என்ற வரிக்கு அப்புறம் நகர முடியவில்லை எனில் விகிதசமம் பாக்கி. இரண்டுமே ஓரிரு வாரத்தில் சரியாகக்கூடியவை; பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் விரைவு. ஆசிரியரிடம் போகும்போது திருத்தி எழுதிய தாளை எடுத்துப் போகாதீர்கள். தப்பான ரஃப் வேலை அழிக்கப்படாமல் இருந்தால்தான் எந்த வரியில் பிசகியது என்று அவரால் பார்க்க முடியும்.

வேறொரு நிலையும் உண்டு. எட்டாம் வகுப்பைத் தாண்டியும் < > இரண்டில் எது எது என்று குழந்தைக்கு நிலைக்கவில்லை, இரண்டு எண்களில் பெரியது எது என்பதே தடுமாறுகிறது, பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் மேலும் மேலும் டியூஷன் வைப்பது பலன் தராது. கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ காட்டுங்கள். கணிதக் கற்றல் குறைபாடான டிஸ்கால்குலியா, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது. தேர்வுச் சலுகைக்கு அதற்கான சான்றிதழ் தேவைப்படும் என்பதால் பத்தாம் வகுப்பு அரையாண்டு வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் கேட்டுவிடுங்கள்.